ஒளிரும் நானோ துகள்கள்: கட்டியைக் காட்டுமா, அழிக்குமா?

கேள்வி இதுதான்: "நானோ துகள்களை ஊசியில் ஏற்றினால் அவை புற்றுநோய்க் கட்டியில் போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும், மருத்துவர் அதைப் பார்த்தே கட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் அதே இடத்தில் லேசர் அடித்தால் கட்டி மட்டும் செத்துவிடும் என்று படித்தேன். உண்மையா? உண்மையென்றால் ஏன் இன்னும் மருத்துவமனைகளில் இல்லை? வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். கீமோதெரபியைத் தள்ளிப்போட்டு இதற்காகக் காத்திருக்கலாமா?"

கடைசிக் கேள்விதான் அவசரமானது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காத்திருக்க வேண்டாம். மருத்துவர் சொன்ன சிகிச்சையைச் சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். நீங்கள் படித்த செய்தி பெரும்பாலும் எலியில் செய்த ஒரு சோதனையைப் பற்றியதாக இருக்கும். எலியில் வெற்றி பெற்ற ஒரு துகள் மனிதர்களுக்கு வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆகும், பல துகள்கள் வந்து சேருவதே இல்லை. ஆனால் ஒளியை வைத்துச் செய்யும் சில பரிசோதனைகளும் சிகிச்சைகளும் இன்றைக்கே மருத்துவமனைகளில் இருக்கின்றன. அவை எவை என்று கீழே சொல்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு அவற்றில் ஏதாவது பொருந்துமா என்று அவருடைய மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

மற்ற கேள்விகளுக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நானோ துகள் என்றால் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிய துகள். அதை ஒளிர வைப்பது இந்தத் துறையில் எப்போதோ தீர்ந்துபோன பிரச்சினை. எந்த நிறம் வேண்டும், எவ்வளவு பிரகாசம் வேண்டும் என்று சொன்னால் செய்து கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். உடம்புக்குள் ஒளியைக் கொண்டுபோவதும், அங்கிருந்து வெளியே கொண்டுவருவதும், துகளைக் கட்டிவரை அனுப்புவதும், வேலை முடிந்தபின் அதை உடம்பைவிட்டு வெளியேற்றுவதும்தான் பெரும்பாடு. செய்திகளில் ஒளிரும் படம் வரும். இந்தப் பாடு வராது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இருட்டறையில் கைபேசியின் டார்ச்சை எரியவிட்டு அதன்மேல் விரல் நுனியை அழுத்தி வையுங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். டார்ச்சில் இருந்து வருவது வெள்ளை ஒளி, அதில் நீலமும் பச்சையும் இருக்கின்றன. அவற்றை ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சிவிடுகிறது, மிஞ்சிய சிவப்புதான் வெளியே வருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். விரலுக்குள் எலும்பு இருக்கிறது, ஆனால் அதன் நிழல் தெரியவில்லை, விரல் முழுக்க ஒரே சிவப்பாக இருக்கிறது. திசுவுக்குள் போன ஒளி செல்களிலும் நார்களிலும் மோதி மோதித் திசை மாறிவிடுகிறது. மூடுபனியில் எதிரே வரும் வண்டியின் விளக்கு ஒரு வெளிச்சப் படலமாக மட்டும் தெரிவதுபோல, உடம்புக்குள் இருக்கும் ஒளிரும் புள்ளியும் வெளியே வரும்போது கலங்கிப்போய்விடுகிறது.

இந்த இரண்டும், அதாவது ஒளியை ரத்தம் உறிஞ்சுவதும் திசு சிதறடிப்பதும், இந்தத் துறையின் கிட்டத்தட்ட எல்லா முடிவுகளுக்கும் பின்னால் இருக்கின்றன. ஒளியின் நிறத்தை அதன் அலைநீளத்தால், நானோமீட்டரில் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) சொல்வார்கள். சுமார் 600 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளத்தில் ஹீமோகுளோபின் ஒளியை விழுங்குகிறது. 950-ஐத் தாண்டினால் தண்ணீர் அதிகமாக உறிஞ்ச ஆரம்பிக்கிறது. இடையில் 650 முதல் 950 வரை ஒரு சன்னல் திறந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் கடைசியும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பின் தொடக்கமும் சேர்ந்த பகுதி. மனித உடம்பில் பயன்பட வேண்டிய எந்தத் துகளும் இந்தச் சன்னல் வழியாகத்தான் பேச வேண்டும். 1000-க்கு மேலே 1700 வரை இன்னொரு பகுதியும் உண்டு. அங்கே சிதறல் இன்னும் குறைவு, அதனால் படம் கூர்மையாக வரும். 2009-இல் கார்பன் நானோ குழாய்களை வைத்து எலியில் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் அந்த ஒளியைச் சாதாரண சிலிக்கான் கேமரா பார்க்காது, தனி வகை சென்சார் வேண்டும்.

சன்னல் வழியாக வந்தாலும் ஆழம் பெரிதாகக் கிடைப்பதில்லை. தெளிவான படம் என்றால் சில மில்லிமீட்டர். கலங்கலாக, "இங்கே ஏதோ ஒளிர்கிறது" என்று தெரிந்தால் போதும் என்றால் ஒரு சென்டிமீட்டர், நல்ல சூழ்நிலையில் அதற்குக் கொஞ்சம் மேலே. கல்லீரலின் நடுவிலோ கணையத்திலோ இருக்கும் ஒரு கட்டி வெளியே இருந்து பார்த்தால் ஒளிர்ந்து தெரியாது. சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன் ஆகியவற்றின் இடத்தை ஒளிரும் துகள்கள் பிடிக்கப்போவதில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

சரி, துகள்கள் எப்படி ஒளிர்கின்றன? மிகவும் பேசப்பட்டவை குவாண்டம் புள்ளிகள். காட்மியம் செலினைடு போன்ற ஒரு குறைகடத்தியை (செமிகண்டக்டரை)ச் சில நானோமீட்டர் அளவுக்குச் சிறியதாக்கினால், உள்ளே இருக்கும் எலக்ட்ரானுக்கு நடமாட இடம் குறைகிறது. இடம் குறையக் குறைய அதன் ஆற்றல் நிலைகளுக்கு இடையே உள்ள இடைவெளி கூடுகிறது. அதனால் 2 நானோமீட்டர் துகள் நீலமாகவும் 6 நானோமீட்டர் துகள் சிவப்பாகவும் ஒளிரும். பொருள் ஒன்றுதான், அளவு மாறினால் நிறம் மாறுகிறது. ஒரே திரவத்தை ஐந்து சின்னக் குப்பிகளில் வெவ்வேறு அளவுத் துகள்களோடு வைத்து ஒரே புற ஊதா விளக்கைக் காட்டினால், நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஐந்து நிறங்கள் எழுந்து நிற்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தக் குப்பிகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

இந்த விளைவை அலெக்சி எகிமோவ் 1980-களின் தொடக்கத்தில் நிறக் கண்ணாடியில் கண்டார். லூயி புரூஸ் 1983-இல் திரவத்தில் மிதக்கும் துகள்களில் கண்டார். மௌங்கி பவெண்டியின் குழு 1993-இல், சூடான கரைப்பானுக்குள் மூலப்பொருளைச் சட்டென்று செலுத்தி, எல்லாத் துகள்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வளரும்படி செய்யும் முறையைக் கொடுத்தது. மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. 1998-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இந்தப் புள்ளிகளை உயிர்ச் செல்களுக்கு அடையாளமிடப் பயன்படுத்திக் காட்டின. அதுவரை பயன்பட்ட கரிமச் சாயங்கள் விளக்கின் கீழே நிமிடங்களில் வெளுத்துவிடும். குவாண்டம் புள்ளிகள் அப்படிச் சீக்கிரம் வெளுக்காது, ஒரே விளக்கில் பல நிறங்களையும் பார்க்கலாம். 2004-இல் அண்மை அகச்சிவப்பில் ஒளிரும் புள்ளிகளைப் பன்றியின் உடம்பில் செலுத்தி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்த நிணநீர் முடிச்சை நேரலையில் பார்த்தபோது, இது அறுவை சிகிச்சைக்கூடத்துக்கு வந்துவிடும் என்று பலரும் நம்பினார்கள்.

வரவில்லை, அதற்கு முதல் காரணம் காட்மியம். அது சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும் உலோகம், உடம்பில் சேர்ந்தால் வெளியேற ஆண்டுகள் ஆகும். துத்தநாக சல்பைடால் மேலே ஓடு போட்டால் கசிவு குறையும். ஆனால் கல்லீரலில் பல மாதங்கள் தங்கும் ஒரு துகளின் ஓடு கடைசிவரை தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. காட்மியம் உள்ள புள்ளிகளை மனித உடம்புக்குள் செலுத்தும் முயற்சியை விட்டுவிடுவதே சரி என்பது என் கருத்து. கண்ணாடித் தட்டில் செல்களைப் பார்ப்பதற்கு அவை அருமையான கருவி, அங்கே இருக்கட்டும்.

இந்த இடத்தில் உடம்பிலிருந்து வெளியேறும் வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் வந்த துகள் வெளியேற முக்கியமாக இரண்டு பாதைகள். மிகச் சிறியதாக இருந்தால் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும். பெரியதாக இருந்தால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் பிடித்து வைத்துக்கொள்ளும், அங்கிருந்து மெதுவாகப் பித்தத்தில் போகலாம் அல்லது போகாமலே தங்கலாம். 2007-இல் குவாண்டம் புள்ளிகளை வெவ்வேறு அளவுகளில் செய்து எலிகளிலும் அவற்றைவிடப் பெரிய கொறிப்பிராணிகளிலும் சோதித்தபோது, மேற்பூச்சையும் சேர்த்து 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால்தான் சிறுநீரில் விரைவாக வெளியேறுகிறது என்று தெரிந்தது. அந்த எண்ணுக்குப் பிறகு வடிவமைப்பவர்களின் கணக்கே மாறியது. எவ்வளவு பிரகாசம் என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, பூச்சோடு சேர்த்து எத்தனை நானோமீட்டர் என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கணக்கை நன்றாகப் போட்டவர்களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் உல்ரிக் வீஸ்னர் குழு ஒன்று. ஒளிரும் சாயத்தைச் சிலிக்காவுக்குள் பூட்டி, மேலே பாலிஎத்திலீன் கிளைகால் என்ற வழவழப்பான பூச்சைக் கொடுத்து, 6-7 நானோமீட்டர் அளவில் ஒரு துகளைச் செய்தார்கள். சிலிக்கா என்பது மணலின் வேதிப்பொருள்தான், காட்மியத்தின் பயம் இல்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் இது மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டு, 2014-இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள 5 பேரின் முடிவுகள் வெளிவந்தன. பாதகமான விளைவு இல்லை, 5.5-ஐச் சற்றுத் தாண்டியிருந்தும் துகள் சிறுநீரில் வெளியேறியது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் துகள் உடம்பில் எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க, அதன்மேல் கதிரியக்க அயோடினை ஒட்டிப் பெட் ஸ்கேனில்தான் பார்த்தார்கள். ஒளிரும் துகளாக இருந்தும், உடம்பின் ஆழத்தில் அதைப் பார்க்க ஒளி உதவவில்லை. அதன் ஒளி பின்னால் அறுவை சிகிச்சையில், தோலைத் திறந்து நிணநீர் முடிச்சைத் தேடும்போது பயன்பட்டது. துகள் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொரு வகை, எனக்கு மிகவும் பிடித்தது, மேல்மாற்றத் துகள்கள். சாதாரணமாக ஒளிரும் பொருள் அதிக ஆற்றலுள்ள ஒளியை வாங்கிக் குறைந்த ஆற்றலுள்ள ஒளியைத் தரும், நீலத்தை வாங்கிப் பச்சையைத் தரும். இவை தலைகீழ். சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு படிகத்துக்குள் இட்டெர்பியம், எர்பியம் என்ற இரண்டு உலோகங்களையும் கொஞ்சம் சேர்த்தால், இட்டெர்பியம் 980 நானோமீட்டர் அகச்சிவப்பை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி எர்பியத்துக்குக் கைமாற்றும். எர்பியம் இரண்டு மூன்று தவணைகளைச் சேர்த்துவைத்து ஒரே பச்சை அல்லது சிவப்பு ஒளியாக வெளியிடும். பிரான்சுவா ஓசெல் 1966-இல் கண்டுபிடித்தது இது. இந்தத் துகள்கள் கலந்த தெளிந்த திரவக் குப்பியில் அகச்சிவப்பு லேசரைச் செலுத்தினால், லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது போகும் பாதையில் மட்டும் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று திரவத்துக்குள் நிற்கும். உடம்பில் இயல்பாக உள்ள எந்த மூலக்கூறும் இப்படி ஒளிர்வதில்லை, அதனால் பின்னணி ஒளி அறவே இருக்காது. கறுப்புத் திரையில் துகள் மட்டும் தெரியும்.

குறை என்னவென்றால் விளைச்சல் மிகக் குறைவு. உடம்பில் செலுத்தக்கூடிய சிறிய துகள்களில், வாங்கிய ஒளியில் ஒரு சதவீதம்கூடத் திரும்பி வருவதில்லை. ஒளி போதவில்லை என்று லேசரைக் கூட்டினால், 980-ஐத் தண்ணீரும் உறிஞ்சுவதால் திசு சூடாகிறது. இதற்காக நியோடிமியம் சேர்த்து 808 நானோமீட்டரில் வேலை செய்யும்படி மாற்றினார்கள், அங்கே தண்ணீரின் உறிஞ்சல் பல மடங்கு குறைவு. நல்ல தீர்வுதான், ஆனால் படிகம் அடுக்கடுக்காகச் சிக்கலாகிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் ஒரே மாதிரி வர வேண்டும் என்ற மருந்துத் தரத்துக்கு அந்தச் சிக்கல் ஒத்துவராது.

விளக்கை அணைத்தபிறகும் நேரம் கழித்து ஒளிரும் துகள்களும் உண்டு. குரோமியம் சேர்த்த துத்தநாக காலேட் அப்படிப்பட்டது. வெளியே வெளிச்சம் காட்டி ஊட்டிவிட்டு உடம்பில் செலுத்தினால், அப்புறம் விளக்கே தேவையில்லை. நானோ வைரம், கார்பன் புள்ளி, கூட்டாகச் சேர்ந்தால்தான் ஒளிரும் மூலக்கூறுகள் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றிலும் அழகான வேதியியல் இருக்கிறது, மருத்துவமனைக் கதவுவரை வந்தவை மிகச் சில.

இனி சிகிச்சை. ஒளியால் கட்டியைக் கொல்வதில் இரண்டு வழிகள். ஒன்று வேதிவினை, மற்றது வெப்பம்.

வேதிவினை வழியைப் போட்டோடைனமிக் சிகிச்சை என்கிறார்கள். இதற்கு மூன்று பொருள்கள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடவேண்டும்: ஒளியுணர் மருந்து, அதற்கு ஏற்ற நிற ஒளி, ஆக்சிஜன். ஒளியை வாங்கிய மருந்து தன் ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. ஆக்சிஜன் ஒற்றை நிலை ஆக்சிஜன் என்ற வெறிபிடித்த வடிவத்துக்கு மாறி, அருகில் உள்ள சவ்வையும் புரதத்தையும் சிதைக்கிறது. செல்லுக்குள் அதன் ஆயுள் அவ்வளவு குறைவு என்பதால், ஒரு செல்லைக் குறுக்கே கடக்கும் தூரம்கூட அது போவதில்லை. மருந்து எங்கே இருந்ததோ, ஒளி எங்கே பட்டதோ, அங்கே மட்டும் சேதம். இந்த முறையின் நுட்பமே அதுதான். 1900-இல் மியூனிக்கில் ஹெர்மன் வான் டாப்பெய்னரின் மாணவர் ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயத்தில் இருந்த பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரிகள் வெளிச்சம் பட்டால் சாவதையும் இருட்டில் பிழைப்பதையும் பதிவு செய்தார். போட்டோஃபிரின் என்ற மருந்து 1993-இல் கனடாவில் முதலில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. இன்று உணவுக்குழாய், நுரையீரல் மூச்சுக்குழாய், தோல் என்று எண்டோஸ்கோப்போ விளக்கோ போய்ச்சேரும் இடங்களில் இந்தச் சிகிச்சை நடைமுறையில் உள்ளது.

இதில் நானோ துகளுக்கு என்ன வேலை? முதல் வேலை சுமப்பது. ஒளியுணர் மருந்துகள் பல தண்ணீரில் கரையாதவை. 2000-இல் விழித்திரை நோய்க்கு அனுமதி பெற்ற வெர்டிபோர்ஃபின், லிபோசோம் என்ற கொழுப்புக் குமிழிகளுக்குள் வைத்துத்தான் தரப்படுகிறது. அதுவும் நானோ துகள்தான், ஆனால் யாரும் அதை அப்படி விளம்பரம் செய்வதில்லை. இரண்டாவது, நிறத்தை மாற்றுவது. பழைய மருந்துகளுக்கு 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி வேண்டும், அது திசுவுக்குள் சுமார் 5 மில்லிமீட்டர்தான் பயன் தரும் அளவுக்குப் போகும். மேல்மாற்றத் துகளின்மேல் மருந்தை ஒட்டினால், ஆழமாகப் போகும் அகச்சிவப்பை வெளியே இருந்து கொடுக்கலாம், துகள் அந்த இடத்திலேயே சிவப்பாக மாற்றி மருந்துக்கு ஊட்டும். எலியில் இது வேலை செய்கிறது. ஆனால் முன்னே சொன்ன விளைச்சல் குறைவு இங்கே இன்னும் கடுமையாக அடிக்கும், மருந்துக்குப் போய்ச்சேரும் ஒளி சொற்பம். அதோடு, வேகமாக வளர்ந்த கட்டிகளின் உட்பகுதியில் ஆக்சிஜனே பற்றாக்குறை. மூன்றில் ஒன்று இல்லையென்றால் வினை நடக்காது.

வெப்ப வழியில் பொன் முன்னால் நிற்கிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலாஸும் ஜெனிஃபர் வெஸ்ட்டும் உருவாக்கிய பொன் நானோ ஓடு, சிலிக்கா உருண்டைமேல் மெல்லிய பொன் பூச்சு. மொத்தம் 150 நானோமீட்டர் அளவு இருக்கும். பூச்சின் தடிமனைச் சரிசெய்தால் அண்மை அகச்சிவப்பை ஆவலாக உறிஞ்சி வெப்பமாக மாற்றும். 2019-இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வில் புரோஸ்டேட் புற்றுநோயாளிகள் 16 பேருக்கு இதை ரத்தத்தில் ஏற்றி, பிறகு லேசரால் சூடாக்கினார்கள். 15 பேருக்குச் சிகிச்சை திட்டமிட்டபடி முடிந்தது. இதில் கட்டியைக் காட்டியது எம்ஆர்ஐயும் அல்ட்ராசவுண்டும், பொன் ஒளிர்ந்து காட்டவில்லை. லேசரையும் தோலின் மேலே இருந்து அடிக்கவில்லை, மெல்லிய ஒளியிழையை ஊசிபோலக் குத்திப் புரோஸ்டேட்டுக்குள்ளேயே கொண்டுபோனார்கள். ஆழத்தோடு சண்டை போடாமல் விளக்கையே உள்ளே அனுப்பிவிட்டார்கள். இந்தத் துறை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டால், நான் இந்த ஆய்வைத்தான் காட்டுவேன்.

"ஒரே துகள் காட்டவும் செய்யும், கொல்லவும் செய்யும்" என்று செய்தியில் வருமே, அதில் ஒரு முரண்பாடு இருக்கிறது, அதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். துகள் உறிஞ்சிய ஆற்றல் ஒன்று ஒளியாக வெளியேற வேண்டும், அல்லது வெப்பமாக மாற வேண்டும், அல்லது ஆக்சிஜனுக்குப் போக வேண்டும். மூன்றும் ஒரே முதலிலிருந்து எடுக்கும் செலவு. பிரகாசமாக ஒளிரும் துகள் நன்றாகச் சூடாகாது, நன்றாகச் சூடாகும் துகள் மங்கலாகத்தான் ஒளிரும். நேரத்திலும் இதே இழுபறி. படம் எடுக்க வந்த துகள் சீக்கிரம் மற்ற இடங்களை விட்டு வெளியேற வேண்டும், அப்போதுதான் கட்டி தனித்துத் தெரியும். சிகிச்சைக்கு வந்த துகள் கட்டியில் நிறையச் சேரும்வரை ரத்தத்தில் சுற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றில் கட்டினால் இரண்டிலும் சமரசம் செய்துகொள்ள நேரிடும். தனித்தனி மருந்தாக இரண்டு கொடுப்பது பல நேரங்களில் நல்லது என்றே நினைக்கிறேன்.

கட்டிக்குப் போய்ச்சேருவதைப் பற்றி ஓர் எண்ணைச் சொல்கிறேன். 1986-இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும், கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டையாக இருப்பதால் பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தங்குகின்றன என்று காட்டினார்கள். அந்த நம்பிக்கையில்தான் நானோ மருத்துவத்தின் பெரும் பகுதி எழுந்தது. 2016-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சானின் குழு, முந்தைய 10 ஆண்டுகளில் வெளிவந்த விலங்கு ஆய்வுகளை எல்லாம் திரட்டிக் கணக்குப் பார்த்தது. செலுத்திய துகள்களில் கட்டிக்குப் போய்ச்சேர்ந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மிச்சத்தில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும். ரத்தத்தில் இறங்கிய உடனே புரதங்கள் துகளின்மேல் படிந்துவிடுகின்றன, கட்டியைப் பிடிக்க ஒட்டிவைத்த ஆன்டிபாடி என்ற புரதம் அந்தப் படிவுக்குக் கீழே மறைந்துபோகலாம். மனிதர்களின் கட்டிகளில் அந்த ஓட்டைகளும் ஆளுக்கு ஆள், ஒரே கட்டியிலேயே இடத்துக்கு இடம் மாறும்.

எலி ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இப்போது புரிந்திருக்கும். எலியின் உடம்பே சில சென்டிமீட்டர்தான், கட்டியும் பெரும்பாலும் தோலுக்கு அடியில் வைத்து வளர்க்கப்பட்டது. ஒளிக்கு அங்கே ஆழமே இல்லை. அடுத்து லேசரின் வலிமை. 808 நானோமீட்டரில் மனிதத் தோலுக்குப் பாதுகாப்பு எல்லை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.33 வாட். ஆனால் எலி ஆய்வுகள் பலவற்றில் 1 வாட், அதற்கும் மேலே அடித்திருப்பார்கள். கட்டுரையின் அழகான வெப்பப் படங்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் அந்த எண் இருக்கும். நான் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதலில் தேடுவது அதைத்தான். அப்புறம் பூச்சோடு சேர்த்துத் துகள் எத்தனை நானோமீட்டர், எந்த உறுப்பில் எத்தனை நாள் தங்கியது, கட்டி எவ்வளவு ஆழத்தில் இருந்தது. இந்த நான்கும் இல்லாத செய்தியை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

இன்றைக்கு மருத்துவமனையில் உண்மையாகவே ஒளிர்வன எவை? இந்தோசயனின் பச்சை என்ற சாயம், 1959 முதல் அமெரிக்காவில் அனுமதியோடு பயன்பாட்டில் உள்ளது. 800 நானோமீட்டரை ஒட்டி வேலை செய்கிறது, ரத்தத்தில் ஏற்றிய சில நிமிடங்களில் கல்லீரல் எடுத்துவிடும். விழித்திரை ரத்தக்குழாய், பித்தநாளம், நிணநீர் முடிச்சு, தைத்த குடலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பது, எல்லாவற்றுக்கும் அதுதான். மூளைக் கட்டிக்கு 5-ஏஎல்ஏ என்ற மருந்து. அறுவை சிகிச்சைக்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு நோயாளி அதைக் குடிக்கிறார். அது தானாக ஒளிராது. கட்டிச் செல்கள் அதை வாங்கிப் போர்ஃபிரின் என்ற பொருளாக மாற்றிச் சேர்த்துவைக்கும். மண்டையைத் திறந்தபின் அறை விளக்குகளைக் குறைத்து, நுண்ணோக்கியில் நீல ஒளிக்கு மாற்றுவார்கள். நல்ல மூளைத் திசு மங்கிய நீலமாகத் தெரியும், கட்டி இருக்கும் இடம் சிவப்புக் கலந்த இளஞ்சிவப்பாக எரியும், ஓரத்தில் அந்த நிறம் வெளிறிக்கொண்டே போகும். வெள்ளை விளக்கில் இரண்டும் ஒரே நிறம். 2006-இல் ஜெர்மனியில் வால்டர் ஸ்டும்மர் குழு வெளியிட்ட ஆய்வில், இந்த ஒளியோடு செய்தவர்களில் 65 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுவதும் எடுக்கப்பட்டது, வெள்ளை விளக்கில் செய்தவர்களில் அது 36 சதவீதம்.

2021-இல் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுநோய் அறுவைக்கு பாஃபோலசயனின் வந்தது, கட்டிச் செல்களின் ஃபோலேட் ஏற்பியைப் பிடிக்கும் அகச்சிவப்புச் சாயம். ஜப்பானில் 2020-இல், ஹிசாடகா கொபயாஷியின் ஆய்விலிருந்து பிறந்த ஒளி நோயெதிர்ப்பு சிகிச்சைக்குத் தலை, கழுத்துப் புற்றுநோயில் அனுமதி கிடைத்தது. ஆன்டிபாடியோடு சாயத்தைக் கட்டி, 690 நானோமீட்டர் ஒளியைக் கட்டிக்குள் இழை வழியாகக் காட்டுகிறார்கள். இவை எவையும் நானோ துகள்கள் இல்லை, சாதாரண மூலக்கூறுகளும் ஆன்டிபாடிகளும்தான். நானோ துகள் வர வேண்டுமானால் இவற்றைவிடத் தெளிவாக ஒரு நன்மையைத் தந்தாக வேண்டும். "பிரகாசம் அதிகம்" என்பது மட்டும் போதாது, இந்தோசயனின் பச்சையின் பிரகாசமே அறுவை மருத்துவருக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. துகள் வெல்லக்கூடிய இடங்களும் இருக்கின்றன. பல நிறங்களில் ஒரே நேரத்தில் பல அடையாளங்களைப் பார்ப்பது, நீண்ட அறுவையில் வெளுக்காமல் நிற்பது, பெட் ஸ்கேனிலும் ஒளியிலும் ஒரே துகளைப் பார்ப்பது. அந்த இடங்களில் நம்பிக்கையோடு வேலை நடக்கிறது, நடக்கவும் வேண்டும்.

உடம்புக்கு வெளியே இந்தத் துகள்கள் எப்போதோ வென்றுவிட்டன. யூரோபியம் என்ற உலோகம் உள்ள துகள்களை ரத்தப் பரிசோதனையில் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் இயல்பாக வரும் பின்னணி ஒளி நானோ விநாடிகளில் அணைந்துவிடும். யூரோபியம் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு நேரம் ஒளிர்கிறது. கருவி விளக்கை ஒருமுறை மின்னவிட்டு, கொஞ்சம் பொறுத்து, பின்னணி அணைந்தபின் எண்ணுகிறது. அதனால் மிகச் சொற்ப அளவு புரதத்தையும் கண்டுபிடிக்க முடிகிறது. படத்தில் கவர்ச்சியாக வராது என்பதால் செய்தியாகவில்லை.

உங்கள் வீட்டில் இருப்பவருக்கு வருவோம். கட்டி எந்த உறுப்பில், எந்த நிலையில் என்று எனக்குத் தெரியாது, அதனால் பொதுவாகவே சொல்கிறேன். அறுவை சிகிச்சை திட்டத்தில் இருந்தால், ஒளிரும் சாயத்தின் உதவியோடு செய்யும் வசதி உண்டா, அது இவருக்குப் பயன்படுமா என்று கேளுங்கள். கட்டி உணவுக்குழாயிலோ மூச்சுக்குழாயிலோ தோலிலோ மேலோட்டமாக இருந்தால் போட்டோடைனமிக் சிகிச்சைக்கு இடம் உண்டா என்று கேளுங்கள். உடம்பில் பரவிய நோய்க்கு அது பதில் இல்லை, வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும்தான் அது வேலை செய்யும். நானோ துகள் ஆய்வு எதிலாவது சேர அழைப்பு வந்தால், பதிவு பெற்ற மருத்துவ ஆய்வா, நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இப்போதைய மருத்துவரிடமும் காட்டுங்கள். பணம் வாங்கிக்கொண்டு நானோ சிகிச்சை தருவதாக யாராவது சொன்னால் போகாதீர்கள்.

போட்டோஃபிரின் கொடுக்க முடிவானால் வீட்டில் முன்கூட்டியே தயாராக வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மருந்து ஏற்றி 40 முதல் 50 மணி நேரம் கழித்துத்தான் லேசர் காட்டுவார்கள், அதற்குள் மருந்து தோலிலும் கண்ணிலும்கூடச் சேர்ந்திருக்கும். குறைந்தது 30 நாட்கள் வெயில் படக்கூடாது, பிரகாசமான விளக்குகளும் ஆகாது, பட்டால் தோல் கொப்பளிக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் இதற்கு உதவாது, ஏனென்றால் அது தடுப்பது புற ஊதாவை, மருந்தைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. முழுக்கை உடை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி வேண்டும். அதற்காக இருட்டறையில் பூட்டி வைக்கவும் கூடாது. வீட்டுக்குள் இருக்கும் மிதமான வெளிச்சம் தோலில் மிச்சமிருக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கச் செய்து செயலிழக்க வைக்கும். அதனால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, நேர் வெயில் விழாத அறையில் வழக்கம்போல இருக்கச் சொல்லுங்கள்.